வாசகர் கேள்வி – பதில்: காங்கோவின் கல் யார் கைக்குப் போகிறது?

போன இதழில் காங்கோ ஜனநாயகக் குடியரசைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து மட்டும் ஒரு கட்டு வந்திருக்கிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுப் பக்கத்தையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கல்லூரி மாணவி, திருப்பாதிரிப்புலியூர்: “கனிமத்துக்காக அமெரிக்காவும் சீனாவும் காங்கோவில் மோதுகின்றன” என்று டிவியில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?

முதலில் ஒரு குழப்பத்தைப் பிரித்துக்கொள்வோம் அம்மா. காங்கோ தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய 18 மடங்கு பெரிய நாடு. அதன் தெற்கு மூலையில், கட்டாங்கா என்ற பழைய பெயர் கொண்ட பகுதியில், கொல்வேசி, லுபும்பாஷி ஊர்களைச் சுற்றி செம்பும் கோபால்ட்டும் கிடைக்கின்றன. உலகம் முழுக்கத் தோண்டியெடுக்கும் கோபால்ட்டில் நாலில் மூன்று பங்கு இங்கிருந்துதான் போகிறது. கிழக்கு ஓரத்தில், ருவாண்டா எல்லையை ஒட்டிய கிவு மாகாணங்களில் இருப்பது வேறு சரக்கு: கோல்டான், வெள்ளீயக் கல், டங்ஸ்டன், தங்கம்.

பெரும் போர் நடப்பது கிழக்கில், சீனக் கம்பெனிகளின் பெரிய சுரங்கங்கள் இருப்பது தெற்கில், இரண்டுக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டர். டிவிக்காரர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிடுவதால், சீனாவும் அமெரிக்காவும் நேருக்கு நேர் நின்று சுடுவது போல ஒரு படம் மனதில் விழுகிறது. அப்படி இல்லை. கிழக்கில் ஆயுதம் ஏந்திய குழுக்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன, பக்கத்து நாடுகள் அவற்றில் சிலவற்றுக்குப் பின்னால் நிற்கின்றன, பெரிய நாடுகள் கல் போகும் வழியின் மறுமுனையில் நிற்கின்றன.

இன்னொன்று. கனிமம் இருப்பதால்தான் போர் வந்தது என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. நிலத் தகராறு, 1994 ருவாண்டா இனப்படுகொலைக்குப் பின் எல்லை தாண்டி வந்த லட்சக்கணக்கான அகதிகள், முப்பது வருடத்துக்கு மேல் நாட்டைச் சுரண்டிய மொபுட்டுவின் ஆட்சி என்று காரணங்கள் பல. ஆனால் போர் ஒரு வேலையைச் செய்கிறது: கல்லை மலிவாக்குகிறது. வாசலில் துப்பாக்கியோடு ஒருவன் நிற்கும்போது, மூட்டை சுமந்து வருகிறவன் விலை பேச முடியாது. இந்த மலிவு எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் மற்றதெல்லாம் புரியும்.

செல்போன் சரிசெய்யும் கடைக்காரர், நெல்லித்தோப்பு: தினமும் இருபது போன் பிரிக்கிறேன். நீங்கள் சொல்லும் அந்தக் கல் அதில் எங்கே இருக்கிறது?

உங்கள் சாமணத்தின் நுனியிலேயே இருக்கிறது தம்பி. போர்டில் எள்ளு மாதிரி ஒட்டியிருக்கும் கெப்பாசிட்டர்களில் சில டான்டலம் என்ற உலோகத்தால் ஆனவை. இத்துனூண்டு இடத்தில் நிறைய மின்சாரத்தைப் பிடித்து வைக்கும், சூட்டையும் தாங்கும், அதனால்தான் அதற்கு இவ்வளவு கிராக்கி. டான்டலம் கோல்டானிலிருந்து வருகிறது. கோல்டான் கறுப்பு மணல் மாதிரி இருக்கும். மலைச்சரிவில் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு வெட்டி, ஓடும் தண்ணீரில் அலசி, சாக்கில் கட்டி, தோளில் சுமந்து இறக்குகிறார்கள். கோபால்ட் இருப்பது பேட்டரியில்.

வடக்கு கிவுவில் ருபாயா என்று ஒரு சிற்றூர். உலக டான்டலத்தில் 15 சதவீதம் போல அந்த ஒரு ஊர் மலையிலிருந்து வருகிறது. 2024 ஏப்ரலில் எம்23 என்ற கிளர்ச்சிப் படை அதைப் பிடித்தது. தோண்டுகிறவனிடமும் வாங்குகிறவனிடமும் கிலோவுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, மாதம் சுமார் 8 லட்சம் டாலர் வசூலிக்கிறார்கள் என்று ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. மாதம் 120 டன் எல்லை தாண்டி ருவாண்டாவுக்குப் போய், அந்த ஊர்ச் சரக்கோடு கலக்கிறது என்றும் எழுதியது. கலந்த பிறகு எந்த மணல் எந்த மலையுடையது என்று யார் பிரிப்பது? உலைக்குப் போய் உலோகமாகிவிட்டால் அதுவும் முடிந்தது.

வியாபாரி, கடலூர் முதுநகர்: சீனா நல்லதா, அமெரிக்கா நல்லதா? யார் வந்தால் காங்கோவுக்கு லாபம்?

இந்தக் கேள்வியை நாம் கேட்கும் விதமே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. தெற்கே ஒரு ரயில் பாதையின் கதையைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். அங்கோலா நாட்டின் லோபிட்டோ துறைமுகத்திலிருந்து காங்கோ எல்லை வரை சுமார் 1,300 கிலோமீட்டர். போர்ச்சுக்கீசியர் காலத்தில் செம்பை இறக்குவதற்காகப் போட்ட பாதை. 1975-ல் அங்கோலாவில் உள்நாட்டுப் போர் மூண்டதும் பாழாய்ப் போனது. சீனர்கள் வந்து புதுப்பித்து 2014-ல் முடித்தார்கள். 2022-ல் அதை நடத்தும் உரிமை 30 வருடத்துக்கு ஐரோப்பியக் கம்பெனிகளின் கூட்டுக்குப் போனது. 2024 டிசம்பரில் அமெரிக்க அதிபராக இருந்த பைடனே அங்கே போய் நின்றார், அமெரிக்கா 55 கோடி டாலர் கடன் கொடுக்கிறது. போட்டவன், புதுப்பித்தவன், ஓட்டுகிறவன், கடன் கொடுக்கிறவன் எல்லாரும் மாறிவிட்டார்கள். பாதை போகும் திசை மட்டும் மாறவில்லை. சுரங்கத்திலிருந்து கடலுக்கு.

சீனா செய்ததையும் சொல்லிவிடுகிறேன். 2008-ல் “நீங்கள் செம்பும் கோபால்ட்டும் கொடுங்கள், நாங்கள் சாலையும் ஆஸ்பத்திரியும் கட்டித் தருகிறோம்” என்று ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். சொன்ன அளவுக்குக் கட்டவில்லை என்று காங்கோ பல வருடம் சண்டை போட்டது. 2024-ல் அந்தத் தொகையை 700 கோடி டாலராக உயர்த்தித் திருத்தி எழுதினார்கள். தெற்கில் இருக்கும் டெங்கே ஃபுங்குருமே என்ற மிகப் பெரிய சுரங்கம் ஒரு காலத்தில் அமெரிக்கக் கம்பெனியின் கையில் இருந்ததுதான். கடன் நெருக்கடியில் அவர்களே 2016-ல் தங்கள் பங்கை 265 கோடி டாலருக்குச் சீனக் கம்பெனிக்கு விற்றார்கள். இன்று “சீனா எல்லாவற்றையும் வளைத்துவிட்டது” என்று வாஷிங்டனில் அழும்போது இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

காங்கோவுக்கு உண்மையான லாபம் எப்போது வந்தது தெரியுமா? 2025 பிப்ரவரியில் கோபால்ட் ஏற்றுமதியை அது தானாகவே நிறுத்தியபோது. விலை அடிமட்டத்தில் கிடந்தது. நிறுத்தினார்கள், நீட்டித்தார்கள், அப்புறம் அக்டோபரிலிருந்து யார் எவ்வளவு ஏற்றலாம் என்று அளவு வைத்தார்கள். விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. கதவு தன் கையில் இருக்கிறது என்று அந்த நாடு காட்டிய நாள் அது.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தேவனாம்பட்டினம்: நம் கடற்கரையில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதியதை இதோடு ஒப்பிடலாமா?

ஐயா, நீங்கள் இருக்கும் ஊரே அதற்குப் பதில். போன மாதம் கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சத்தைப் பார்க்கப் போயிருந்தேன். செடி மண்டிக் கிடக்கிறது. 1690-ல் செஞ்சியிலிருந்த மராத்தியரிடம் ஆங்கிலேயக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியபோது, கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு வைத்த அளவு என்ன? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம். சுட்டார்கள், குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊரெல்லாம் கம்பெனிக்குச் சொந்தமாயின. ‘குண்டு கிராமங்கள்’ என்று பெயரே விழுந்துவிட்டது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அந்தக் குண்டு இன்னும் கிடக்கிறது என்று உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்த ஊர்களில் இருந்த ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. இன்று காங்கோவில் வரைபடத்தின் மேல் கோடு போட்டு, இந்தக் கட்டம் இந்தக் கம்பெனிக்கு என்று உரிமம் எழுதும்போது அங்கே குடியிருக்கிறவர்களுக்கு நேர்வதும் இதேதான்.

அப்புறம் ஆள்வைத்து மோதுவது. நவாபு பட்டத்துக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் சண்டை போட்டார்கள்; ஒருவர் பின்னால் புதுச்சேரி, இன்னொருவர் பின்னால் கடலூரும் சென்னையும். சண்டை அவர்களுடையது என்று சொல்லிக்கொண்டே துரைமார்கள் தங்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டார்கள். காங்கோவில் 1960-ல் அப்படியே நடந்தது. ஜூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து விடுதலை. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஜூலை 11 அன்று கட்டாங்கா மாகாணத் தலைவர் மொய்சே சோம்பே அதைத் தனி நாடு என்று அறிவித்தார். பெல்ஜியப் படை துணைக்கு நின்றது, அங்கே செம்பு தோண்டிய யூனியன் மினியேர் கம்பெனி மத்திய அரசுக்குக் கட்ட வேண்டிய வரியை சோம்பேயிடம் கட்டியது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்கு நெஞ்சில் தைப்பது. 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். 1748-ல் ஐரோப்பாவில் சமாதானம் பேசும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதில் வட அமெரிக்காவில் லூயிபூர்க் என்ற கோட்டையை வாங்கிக்கொண்டார்கள். நம் கரையில் செத்தவர்கள் எதற்குச் செத்தோம் என்று தெரியாமலே செத்தார்கள். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து உங்கள் கோட்டையை இடித்தார், 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினார்கள், இரண்டு வருடம் கழித்து பாரிஸில் கையெழுத்துப் போட்டு திருப்பிக் கொடுத்தார்கள். முடிவு ஒவ்வொரு முறையும் ஏழு கடல் தாண்டி எழுதப்பட்டது.

ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு பொய்யாகிவிடும். இவர்கள் நம்மிடம் தேடி வந்தது துணி. நெசவாளிக்குக் கோபம் வந்தால் தறியைக் கழற்றிக்கொண்டு அடுத்த எல்லைக்குப் போய்விடுவார், கம்பெனி கெஞ்சிக் கூட்டி வர வேண்டும். கைத்தொழிலுக்கு அந்தப் பலம் உண்டு. மலையை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது, தோண்டத் தோண்டக் குறைவதும் அதுதான்.

இல்லத்தரசி, வில்லியனூர்: வாஷிங்டனில் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள், போர் நின்றுவிட்டது என்று படித்தேனே?

படித்தது சரி, நடந்தது வேறு அம்மா. 2025 ஜனவரி கடைசியில் எம்23 கோமா நகரைப் பிடித்தது, பிப்ரவரியில் புகாவுவை. ஜூன் 27 அன்று காங்கோ, ருவாண்டா வெளியுறவு அமைச்சர்கள் வாஷிங்டனில் கையெழுத்துப் போட்டார்கள். டிசம்பர் 4 அன்று இரண்டு அதிபர்களும், சிசெகெடியும் ககாமேயும், டிரம்ப் முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள்; அதே நாளில் காங்கோவின் கனிமங்களை அமெரிக்கக் கம்பெனிகளுக்குத் திறந்துவிடும் உடன்பாடும் ஆனது. ஒரு வாரம் முடிவதற்குள் எம்23 உவிரா நகருக்குள் நுழைந்தது. எம்23 அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே இல்லை, அவர்களோடு கத்தார் தலைநகர் தோகாவில் தனியாகப் பேச்சு.

எம்23-க்குப் பின்னால் ருவாண்டாவின் படைவீரர்கள் 3,000 முதல் 4,000 பேர் வரை இருக்கிறார்கள் என்று ஐ.நா. நிபுணர்கள் 2024-ல் எழுதினார்கள். ருவாண்டா மறுக்கிறது, இனப்படுகொலை செய்தவர்களின் மிச்சப் படை எல்லைக்கு அப்பால் இன்னும் இருக்கிறது, எங்கள் பாதுகாப்பை நாங்கள் பார்க்கிறோம் என்கிறது. அந்த அச்சம் பொய்யானது இல்லை. ஆனால் கோல்டான் லாரிகளுக்கு அது காரணம் ஆகாது. ருவாண்டாவிலிருந்து இந்தக் கனிமங்களை வாங்க ஐரோப்பிய யூனியன் 2024 பிப்ரவரியில் உடன்படிக்கை போட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வீட்டை விட்டு ஓடி, சொந்த நாட்டுக்குள்ளேயே பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே கிடந்தவர்கள் 2025 தொடக்கத்தில் 70 லட்சத்துக்கு மேல். புகாவுவில் பான்சி ஆஸ்பத்திரி நடத்தி, போரில் சிதைக்கப்பட்ட பெண்களுக்கு வருடக்கணக்காக அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் டெனி முக்வேகேவுக்கு 2018-ல் அமைதி நோபல் கொடுத்தார்கள். அவர் ஆஸ்பத்திரி இருக்கும் ஊர்தான் விழுந்தது. இந்தச் செய்தி வந்த அன்று நம் பத்திரிகைகளில் எத்தனை வரி வந்தது என்று தேடிப் பார்த்தேன். சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

இளைஞர், மந்தாரக்குப்பம்: நெய்வேலிக்காரன் கேட்கிறேன். பூமிக்குக் கீழே செல்வம் இருந்தால் மேலே இருக்கிறவன் கஷ்டப்படணும் என்பது எல்லா ஊரிலும் விதியா?

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கறுப்பாக ஏதோ வருகிறது என்று தொடங்கிய கதை, 1956-ல் பழுப்பு நிலக்கரி எடுக்கும் பொதுத்துறை நிறுவனமாக ஆனது. நாட்டுக்கு மின்சாரம் வந்தது. நிலம் கொடுத்த குடும்பங்களில் பல, வேலைக்கும் நியாயமான விலைக்கும் இன்றுவரை நடையாய் நடக்கின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பச்சைப் பயிரின் மேல் இயந்திரத்தை ஏற்றியதைப் பார்த்துவிட்டு எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆனாலும் உங்களுக்குச் சங்கம் இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது, சட்டசபையில் எழுந்து கேட்க ஆள் இருக்கிறது. கொல்வேசி ஊரில் கசுலோ என்று ஒரு குடியிருப்பு. 2014-ல் ஒருவர் வீட்டருகே குழி தோண்டும்போது கோபால்ட் கல் தட்டுப்பட்டது. சில மாதத்தில் தெருவே வீட்டுக்குள் குழி இறக்கிவிட்டது. படுக்கையறையில் சுரங்கம், மேலே பிள்ளைகள். மண் சரிந்து எத்தனையோ பேர் உள்ளே போய்விட்டார்கள். அப்புறம் அந்தப் பகுதியின் ஒரு பங்கைக் காலி செய்து, சுற்றிச் சுவர் கட்டி, சீனக் கம்பெனி மட்டுமே அங்கே வாங்கலாம் என்று ஆக்கினார்கள். தங்கள் வீட்டுத் தரைக்குக் கீழே இருந்ததற்கு அந்த ஜனங்கள் விலை சொல்ல முடியவில்லை.

அஞ்சல் ஊழியர், முத்தியால்பேட்டை: இதில் இந்தியாவுக்கு என்ன வேலை?

1961-ல் ரத்தம் கொடுத்திருக்கிறோம். கட்டாங்கா பிரிவினையை முடிக்க ஐ.நா. அனுப்பிய படையில் நம் கூர்க்காக்கள் இருந்தார்கள். டிசம்பர் 5 அன்று எலிசபெத்வில் நகரில், இன்றைய லுபும்பாஷியில், கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா 16 பேரோடு சுமார் 90 எதிரிகள் மேல் பாய்ந்து வழியைத் திறந்துவிட்டு உயிர் விட்டார். பரம் வீர் சக்ரா. பிறகு கிழக்குக் காங்கோவிலும் நம் வீரர்கள் ஐ.நா. நீலத் தொப்பியோடு வருடக்கணக்கில் நின்றார்கள்.

இன்று நமக்கும் அந்தக் கல் வேண்டும். கோபால்ட் நம் மண்ணில் எடுப்பது இல்லை, வெளியிலிருந்துதான் வருகிறது. 2025 ஜனவரியில் முக்கியக் கனிமங்களுக்கென்றே மத்திய அரசு ஒரு தேசியத் திட்டம் கொண்டுவந்தது. வாங்குகிறவர்கள் வரிசையில் நாமும் நிற்கப் போகிறோம். குண்டு விழுந்த தூரத்தை அளந்து கொடுத்த ஊரிலிருந்து போகிறவர்கள், அங்கே எந்தக் கணக்கில் அளக்கப் போகிறோம் என்பதை டெல்லியைப் பார்த்து நாம் இப்போதே கேட்க வேண்டும்.

பொறியியல் மாணவர், லாஸ்பேட்டை: காங்கோ கல் இருக்கும் போனையே வாங்கமாட்டோம் என்று எல்லாரும் முடிவெடுத்தால்?

நல்ல மனதோடு கேட்கிறீர்கள் தம்பி, ஆனால் ஒரு முறை அந்த மாதிரி நடந்து பார்த்தாகிவிட்டது. 2010-ல் அமெரிக்கா, கனிமம் எங்கிருந்து வந்தது என்று கம்பெனிகள் கணக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. நியாயமான சட்டம்தான். கணக்குப் பார்ப்பதைவிட விலகிப் போவது சுலபம் என்று பல கம்பெனிகள் அந்தப் பக்கமே வரவில்லை. அதே சமயத்தில் காங்கோ அரசும் கிழக்கில் சுரங்க வேலையைச் சில மாதம் நிறுத்தியது. தோண்டிப் பிழைத்த லட்சக்கணக்கான குடும்பங்கள் பட்டினி. துப்பாக்கிக்காரர்கள் தங்கத்துக்கு மாறினார்கள், தங்கத்தைச் சட்டைப் பையில் கொண்டுபோய்விடலாம் இல்லையா.

அதனால் நான் சொல்வது இதுதான்: இருக்கும் போனைச் சரிசெய்து இன்னும் இரண்டு வருடம் ஓட்டுங்கள் (நெல்லித்தோப்புத் தம்பி சந்தோஷப்படுவார்), செத்த பேட்டரியைக் குப்பையில் போடாமல் மறுசுழற்சிக்குக் கொடுங்கள், மின் ஸ்கூட்டர் வாங்கினால் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியா என்று கேளுங்கள், அதில் கோபால்ட் கிடையாது. இது சின்ன வேலை, பெரிய மாற்றம் வராது என்று எனக்கும் தெரியும். நீங்கள் பொறியியல் படிக்கிறவர். கலந்த மணலிலிருந்து இது எந்த மலை என்று கண்டுபிடிக்கும் வழியை ஜெர்மனியில் ஆய்வகத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். அதை ஒவ்வொரு எல்லைச் சாவடியிலும் நடக்கும் காரியமாக ஆக்க ஆள் வேண்டும். அந்தப் பக்கம் யோசியுங்கள்.

பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் முதியவர், புதுச்சேரி: சின்ன வயதில் வானொலியில் லுமும்பா, லுமும்பா என்று கேட்டிருக்கிறேன். அவர் உடலை என்ன செய்தார்கள்? கடைசி வரை எனக்குத் தெரியவில்லை.

சொல்கிறேன் ஐயா. பாட்ரிஸ் லுமும்பா, காங்கோவின் முதல் பிரதமர், 35 வயது. 1960 ஜூன் 30 அன்று பெல்ஜிய அரசர் மேடையில் உட்கார்ந்திருக்கும்போதே, எங்களை அடித்தீர்கள், அவமதித்தீர்கள் என்று முகத்துக்கு நேரே பேசியவர். 1961 ஜனவரி 17 அன்று கட்டாங்காவில், பெல்ஜிய அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, சுட்டுக் கொன்றார்கள். கல்லறை என்று ஒன்று இருக்கக் கூடாது என்று உடலைத் தோண்டியெடுத்து, துண்டாக்கி, அமிலத்தில் கரைத்தார்கள். கரைத்த பெல்ஜிய போலீஸ்காரர் ஒருவர், தங்கம் கட்டிய பல் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போய் வைத்திருந்தார்.

2022 ஜூன் 20 அன்று பிரஸ்ஸல்ஸில் அந்தப் பல்லைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தார்கள். சவப்பெட்டியில் அந்த ஒரு பல்லை வைத்து, நாட்டின் பல ஊர்களுக்கும் கொண்டுபோனார்கள். அவரைக் கொன்ற கட்டாங்கா பக்கமும் போனது. விடுதலை நாளான ஜூன் 30 அன்று கின்ஷாசாவில் அடக்கம் செய்தார்கள்.